தேய்ந்த டொலரின் நாணயம்

பழைய அமெரிக்க வெள்ளி டொலர் வாங்கப் புகுவோர் பலர் பளபளப்பையே முதலில் தேடுகின்றனர். இஃது அறியாமை என்பேன். இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வெள்ளி கறுத்திருத்தலே இயல்பு. அதனைத் தேய்த்து வெளுப்பாக்கியவன், அச்சில் அழுந்திப் பெற்ற மேற்பரப்பையும் உரித்துவிடுகிறான். போனது மீளாது.

1794 இல் பிலடெல்பியா நாணயச்சாலை வெளியிட்ட முதல் டொலர்கள் 1,758 மாத்திரமே. அவற்றுள் ஒன்று 2013 இல் ஒரு கோடி டொலருக்கு மேல் ஏலம் போயிற்று. அது நமக்கு எட்டாக் கனி. ஆயின் 1795 முதல் 1803 வரை ஆண்டு பொறித்தவை இன்றும் விலைக்கு வருகின்றன. அவற்றுட் சிலவற்றின் முகத்திலே இணைகோடுகளாய்க் கீறல்கள் காணப்படும். பழுதென்று தள்ளிவிட வேண்டா! டொலரின் எடை 416 கிரெயின் என்பது அன்றைய சட்டம். எடை மிகுந்த வெள்ளி வில்லையை அச்சிடுமுன் அரத்தால் உராய்ந்து சரிசெய்தனர். அதன் வடுவே அது. துலக்கிய டொலர் பத்தினும் இத்தகைய மங்கிய டொலர் ஒன்றையே நான் விரும்புவேன்.

1804 என்று பொறித்தவை மிகச் சிலவே அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றேனும் அவ்வாண்டில் அச்சிடப்பட்டதன்று! மஸ்கற் சுல்தானுக்கும் சியாம் மன்னருக்கும் பரிசளிக்கவென 1834 இல் அடிக்கத் தொடங்கியவை அவை. அந்த ஆண்டு பொறித்த டொலரை மலிவாகத் தருவேன் என்பவனிடம் விலை பேசவும் வேண்டா.