கால்நடைக் கணக்கும் வாயுக் கணக்கும்

மாடுகள் அசைபோடுங்கால் வெளிப்படும் மீதேன் வாயுவைக் கணக்கிட ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2006-ம் வருஷத்திய பொது விதியைக் கொள்கிறது. அதன்படி இந்தியப் பகுதியில் கறவை மாடொன்றுக்கு வருஷம் 58 கிலோ. ஏனைய மாட்டுக்கு 27. இந்திய சர்க்காரின் அறிக்கையோ நாட்டு மாடு, கலப்பின மாடு, வயது எனப் பிரித்து நம் நாட்டளவையே கொள்கிறது. இதுவே நியாயம். மயிலாப்பூர்த் தெருவில் சுவரொட்டி தின்னும் பசுவுக்கும் மேய்ச்சற்காட்டுக் காங்கேயம் பசுவுக்கும் ஒரே எண் எங்ஙனம் பொருந்தும்?

எனினும், இரு கணக்குக்கும் மூலம் தொழுவமே. 2019-ம் வருஷக் கணக்கெடுப்பில் பசுவினம் 19.25 கோடி, எருமை 10.98 கோடி. உழவெருதையோ கிடாரியையோ கறவையென்று எழுதினால் பொது விதிப்படி அதன் வாயு இரட்டிப்புக்கு மேலாகும். வரிக்கு அஞ்சி எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வோரும் உளர், வீண் அச்சம். கணக்கெடுப்போர் வருங்கால் மிராசுதார்கள் இனமும் வயதும் தெளிவாய்ச் சொல்லவும், கிராம அதிகாரிகள் தொழுவத்துக்கே சென்று சரிபார்க்கவும் வேண்டும்.