மூணு சுழியா, ரெண்டு சுழியா?



நம் இதழுக்கு வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்களில் ஒரு வகை எந்த மாதமும் தவறுவதில்லை. தப்பான தமிழைப் பார்த்துக் கொதித்துப்போய் எழுதுகிறவர்களின் கடிதம்தான் அது. பஸ் ஸ்டாண்டில் 'சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்' என்று எழுதியிருக்கிறது, டிவி செய்தியில் 'பதட்டம்' என்று ஓடுகிறது, கல்யாணப் பத்திரிகையில் 'அவ்வண்ணமே கோறும்' என்று அச்சாகியிருக்கிறது என்று படம் எடுத்துச் சேர்த்து அனுப்புவார்கள்.

நீங்கள் சொல்வதெல்லாம் சரிதான். சுவருக்குச் சின்ன 'ர'. அதனால் சுவரில் என்றுதான் வரும். பதறினால் வருவது பதற்றம். கோருகிறவர் சின்ன 'ர' போட்டுத்தான் கோரவேண்டும். இந்தப் பிழைகளைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல் வருகிறது. ஆனால், அந்த எரிச்சலை யார் மேல் காட்டுகிறோம்? அதைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களோடு பேசவேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேச்சில் யாரையும் திருத்தவேண்டாம். மதுரைக்குத் தெற்கே பலர் வாயில் வாழைப்பழம் 'வாளப்பளம்' ஆகும். சென்னையில் அதுவே 'வாயப்பயம்' ஆகும். கொங்கு நாட்டிலிருந்து வந்த மருமகள் 'சொல்லோணும்' என்றால் புகுந்த வீட்டில் ஒரு சிரிப்பு. திருநெல்வேலிப் பையன் 'வாரேன்' என்றால் ஹாஸ்டலில் ஒரு கேலி. இது என்ன நியாயம்? தாய் சொல்லிக்கொடுத்த பேச்சு அது. கேலி செய்யப்பட்ட பெண் நாளைக்கு நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கமாட்டாள். பேச்சு சரியாகாது, பேசுவதுதான் நின்றுபோகும்.

மிக்ஸி, குக்கர், சார்ஜர் எல்லாம் தமிழில் கலந்துவிட்டதே என்று வருத்தப்படுகிறவர்களும் உண்டு. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரே, சொற்களில் பழையது போவதையும் புதியது வருவதையும் குற்றமாகச் சொல்லவில்லை. 'வாழ்த்துக்களா, வாழ்த்துகளா' என்ற சண்டைக்கும் நான் வரவில்லை. இரண்டு பக்கமும் படித்தவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு ஆற்றாமை எங்கே வருகிறது என்றால், நாலு பேர் படிக்கவேண்டும் என்று எழுதுகிறவர்கள், அதுவும் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவர்கள், ஒரு தடவைகூடத் திருப்பிப் படிக்காமல் வெளியே விடும்போதுதான்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் பாருங்கள். பாதிக்குப் பாதி 'ஆழ்ந்த இறங்கல்' என்று இருக்கும். மனம் இரங்குவதற்குச் சின்ன 'ர'. பெரிய 'ற' போட்டால் படியில் இறங்குவது. செத்துப்போனவரின் பிள்ளைகள் காரியம் முடியும்வரை அந்த போஸ்டரைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போய் வரவேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு அவசர அவசரமாக ஃப்ளெக்ஸ் அடித்துக்கொடுத்த பையனைத் திட்டிப் பயனில்லை. அவன் எதிரில் உட்கார்ந்து ஒரு நிமிடம் ப்ரூஃப் படித்துப் பார்க்க ஆள் இல்லை. அதுதான் குறை.

மருந்துக் கடைக் கவரில் 'மூன்று வேலை' என்று எழுதிக்கொடுக்கிறார்கள். 'வேளை' என்பது பெரும்பாலானவர்களுக்குப் புரிந்துவிடும், சரி. ஆனால், தெருமுனையில் ஒட்டும் தண்ணீர் நோட்டீஸ் யாருக்காவது புரிகிறதா? 'தவிர்க்க இயலாத காரணங்களை முன்னிட்டுக் குடிநீர் விநியோகத்தில் தடங்கல் ஏற்படக்கூடும் என்பது இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.' ஒரு வீட்டுக்குத் தெரியவேண்டியது மூன்றே விஷயம். எந்தெந்த நாள் தண்ணீர் வராது? எத்தனை மணிக்குத் திரும்ப வரும்? லாரி வருமா, வராதா? அந்த மூன்றும் நோட்டீஸில் இருக்காது. 'தெரிவித்துக்கொள்கிறேன்' என்று எழுதியிருந்தாலாவது, யார் அந்த நான் என்று போய்க் கேட்கலாம். 'கொள்ளப்படுகிறது' என்றால் யாரைப் போய்க் கேட்பது? எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாத இந்த வாக்கியத்தைத்தான் நான் பெரிய பிழை என்பேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ள முடியாத ஒன்று இருக்கிறது. நம் வீட்டு ஆட்களின் பெயரைத் தப்பாக எழுதுவது.

ஓர் இ-சேவை மையத்தில் பார்த்தேன். வயதான ஓர் அம்மா, ஒரு மஞ்சப்பை நிறையக் காகிதம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் பழனியம்மாள். ஆதாரில் அப்படித்தான் இருக்கிறது. ரேஷன் கார்டில் 'பலனியம்மாள்'. வாக்காளர் பட்டியலில் 'பழனியம்மால்'. வீட்டுக்காரர் தவறிவிட்டார். வாரிசுச் சான்றிதழ் வாங்கவேண்டும். மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். "நான்தான் இங்கன உக்காந்திருக்கேனேய்யா, இன்னும் என்ன அத்தாட்சி?" என்று அவர் கேட்டதற்கு அங்கே இருந்த யாரிடமும் பதில் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணும் பாவம், அவர் கையில் எதுவும் இல்லை.

இது எப்படி நடக்கிறது? பெரும்பாலும் பெயரை ஆங்கிலத்தில்தான் முதலில் டைப் செய்கிறார்கள். தமிழ்ப் பெயரை மென்பொருள் தானாகப் போட்டுக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இருப்பது ஒரே ஒரு 'என்'. நமக்கோ ந, ன, ண என்று மூன்று. ஒரே ஒரு 'எல்'. நமக்கு ல, ள. அந்த 'எல்' சில பெயர்களில் ழ-வும் ஆகிவிடும். 'ஆர்' ஒன்று, நமக்கு ர, ற. குறில் நெடிலுக்கும் அங்கே வேறு எழுத்து கிடையாது. கண்ணன் 'கன்னன்' ஆவதும், வள்ளி 'வல்லி' ஆவதும், காளியம்மாள் 'கலியம்மாள்' ஆவதும் இப்படித்தான். ஒரு தடவை ஆங்கிலத்துக்குள் போய்விட்டால், எந்தச் சுழி, எந்தக் கொம்பு என்ற தகவலே அழிந்துபோகிறது. அழிந்ததை எந்த மென்பொருளும் ஊகித்துத்தான் போடமுடியும்.

ஊர்ப் பெயர்களிலேயே இந்தச் சிக்கல் எவ்வளவு பெரியது என்று பார்த்திருக்கிறோம். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களை, தமிழில் ஒலிப்பது போலவே ஆங்கிலத்திலும் எழுதவேண்டும் என்று ஆணை வெளியிட்டது. டியூட்டிகோரின், டிரிப்ளிகேன் எல்லாம் போய் தூத்துக்குடி, திருவல்லிக்கேணி என்றே ஆங்கிலத்திலும் வரவேண்டும் என்பது நல்ல நோக்கம். ஆனால் புது ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து மக்கள் குழம்பினார்கள், எதிர்ப்பு வந்தது. சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். ஆயிரம் ஊர்களுக்கே இந்தப் பாடு. கோடிக்கணக்கான ஆட்களின் பெயரை அவசரத்தில் மாற்றினால் என்ன ஆகும்? 2017-ல் ரேஷன் கார்டு ஸ்மார்ட் கார்டானபோது பெயர்களில் வந்த குளறுபடிகள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

இனிஷியல் இன்னொரு தலைவலி. அப்பா பெயர் குமார். பையன் முருகன். ஒரு கார்டில் 'கே. முருகன்', இன்னொன்றில் 'கு. முருகன்', மூன்றாவதில் வெறும் 'க. முருகன்'. இதில் பெண்கள் படும் பாடு இரட்டிப்பு. பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல், ரேஷன் கார்டில் கணவர் இனிஷியல், வங்கிப் புத்தகத்தில் கணவரின் முழுப் பெயர். அந்தப் பெண் ஒன்றும் மாறவில்லை. அவளைப் பதிவு செய்தவர்கள்தான் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். ஆனால் முதியோர் உதவித்தொகை நின்றாலும், நகைக் கடன் தள்ளிப்போனாலும், அலைவது அவள்தான். அன்றைக்குக் கூலியும் போய்விடும்.

தவறு செய்தவர் ஒருவர், அதைத் திருத்த நோட்டரிக்கும் ஸ்டாம்ப் பேப்பருக்கும் பஸ்ஸுக்கும் செலவு செய்கிறவர் இன்னொருவர். இது எந்த ஊர் வழக்கம்? விண்ணப்பத்தில் சரியாக எழுதிக்கொடுத்திருந்தும் கார்டில் தப்பாக வந்தால், அதை அலுவலகமே காசு வாங்காமல், பிரமாணப் பத்திரம் கேட்காமல் திருத்தித் தரவேண்டும். பெயரைத் தமிழில் முதலில் பதிந்து, சம்பந்தப்பட்டவரிடம் படித்துக் காட்டிவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்குப் போகவேண்டும். தமிழை ஆட்சிமொழியாக்கி 1956-லேயே சட்டம் போட்ட மாநிலத்தில் இதைக் கேட்பது பெரிய ஆசையா?

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்கவேண்டாம். சில இடங்களில் நாம் கண்ணைத் திறந்துகொண்டு இருந்தாலே பாதி அலைச்சல் மிச்சம்.

வீட்டில் குழந்தை பிறந்தால் 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுவோம். பெயரை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். பதிவான 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் கிடையாது. அதன்பிறகு 15 வருடம்வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பெயரைச் சேர்க்கும்போது அதைத் தமிழில் ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொண்டுபோங்கள். அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், இனிஷியல் எல்லாம் ஒரே முறையில் இருக்கட்டும். பிறகு வரும் எல்லா ஆவணமும் அந்தப் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துத்தான் வரப்போகிறது.

ஆதார் மையத்தில் நம்மைப் பார்த்தபடி ஒரு திரை வைத்திருப்பார்கள். அது நமக்காகத்தான். பெயரை டைப் செய்யும்போது அதைப் பாருங்கள். கூச்சப்படவேண்டாம். "மூணு சுழி ண போடுங்க", "குண்டு ள-ம்மா", "பெரிய ற" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நம் பாட்டிமார் சொல்லிவந்த இந்தப் பேச்சுக்கு இப்போதுதான் உண்மையான வேலை வந்திருக்கிறது. கையில் தரும் ஒப்புகைச் சீட்டை அங்கேயே நின்று படியுங்கள். கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தால் பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்லுங்கள். ஆதாரில் பெயரைத் திருத்தப் பொதுவாக இரண்டு தடவைதான் வாய்ப்பு. ஒன்றை அவசரத்தில் வீணாக்கக் கூடாது.

பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பொதுத் தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்புமுன் பள்ளியில் சரிபார்த்துக் கையெழுத்துக் கேட்பார்கள். பிள்ளை கொண்டுவந்து நீட்டும்போது அடுப்பில் ஏதாவது இருக்கும், நாமும் எங்கே போடணும் என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். அடுப்பை அணைத்துவிட்டுப் படியுங்கள். மதிப்பெண் பட்டியலில் ஏறிவிட்ட பிழை, பாஸ்போர்ட்வரை கூடவே வரும்.

வரைவு வாக்காளர் பட்டியல் வெளியாகும்போது உங்கள் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். எப்படி எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். தப்பாக இருந்தால் படிவம் 8 நிரப்பிக் கொடுத்தால் போதும். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது என்றால் அவர் பெயரையும் பார்த்துச் சொல்லுங்கள். வீட்டில் காலேஜ் போகிற பிள்ளை இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவில் இருக்கிற பெரியவர்களின் கார்டுகளை எல்லாம் ஒரு தடவை ஒத்துப் பார்க்கச் சொல்லலாமே! போர்டுகளில் பிழை கண்டுபிடித்து எழுதும் நம் வாசகர்களைவிட இந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள் யார்? அந்தக் கூர்மையான கண் இங்கேதான் அதிகம் தேவைப்படுகிறது.

பெயர்ப் பிழையால் உங்கள் வீட்டில் யாராவது அலைந்திருந்தால் நமக்கு எழுதுங்கள். என்ன பிழை, எந்த ஆவணத்தில், திருத்த என்னென்ன காகிதம் கேட்டார்கள், எத்தனை நாள் ஆனது, எவ்வளவு செலவானது என்று விவரமாக எழுதுங்கள். சுலபமாகத் திருத்திக்கொடுத்த நல்ல அதிகாரிகள் இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். வரும் கடிதங்களை வைத்து, எந்தப் பிழைக்கு எங்கே போகவேண்டும், என்ன எடுத்துப் போகவேண்டும் என்று அடுத்தடுத்த இதழ்களில் ஒரு பக்கம் ஒதுக்கி வெளியிடுகிறோம். பெயரை மட்டும் தெளிவாக எழுதுங்கள். எத்தனை சுழி என்பதில் எங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது.

அன்புடன்,
ஆசிரியர்