‘போகப் போக சரியாகும்’, ‘வயசானா அப்படித்தான்’... நர்ஸ் நம்பக் கூடாத இரண்டு வாக்கியங்கள்!

ஒரு நிமிடத்துக்கு 45 மூச்சு. இது இயல்பா, ஆபத்தா?

உடனே பதில் சொல்லும் நர்ஸிங் மாணவிக்கு மதிப்பெண் கிடைக்காது. ‘யாருக்கு?’ என்று திருப்பிக் கேட்பவருக்குத்தான் பாடம் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். பிறந்து பத்து நாளான குழந்தை 45 முறை மூச்சு விட்டால் அது இயல்பு. ஆறு மாதக் குழந்தைக்கு 50-ஐத் தொட்டால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அது வேக மூச்சு. இருமலோடு வந்த இரண்டு வயதுக் குழந்தைக்கு 40 வந்தாலே நிமோனியாவாக இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும். எழுபது வயதுப் பாட்டிக்கு 45 என்றால், யோசிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

எண் ஒன்றுதான். அதற்கு அர்த்தம் கொடுப்பது வயது. கருவில் தொடங்கி மரணம் வரை மனிதர் எப்படி வளர்கிறார், எப்படி மாறுகிறார் என்பதை நர்ஸிங் படிப்பில் கற்றுக்கொடுப்பது இதற்காகத்தான். இந்திய நர்ஸிங் கவுன்சிலின் 2021-ம் ஆண்டு பி.எஸ்ஸி பாடத்திட்டத்தில், உளவியல் பாடத்திலேயே இது வந்துவிடுகிறது. தேர்வுக்காக அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால், அந்த அட்டவணை வகுப்பறையில் தேவைப்படுவதைவிட வீட்டுத் திண்ணையில்தான் அதிகம் தேவைப்படுகிறது.

கடலூர் - பண்ருட்டி சாலையில் உள்ள மேல்பட்டாம்பாக்கம் போன்ற ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் கரும்பு, பக்கத்தில் கெடிலம் ஆறு, ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறை வாழும் வீடுகள். கடலூரில் படித்தாலும் சரி, சிதம்பரம் அண்ணாமலை நகரில் படித்தாலும் சரி, சமூக நலப் பயிற்சி என்று வரும்போது மாணவிகள் இப்படிப்பட்ட வீடுகளின் படியேறித்தான் ஆக வேண்டும். அங்கே அவர்களை வரவேற்கும் வாக்கியங்கள் பெரும்பாலும் இரண்டு. குழந்தையைப் பற்றிக் கேட்டால், “இவங்கப்பனும் மூணு வயசுலதாம்மா பேசினான். போகப் போக சரியாயிடும்.” பாட்டியைப் பற்றிக் கேட்டால், “வயசானா அப்படித்தான் பாப்பா.”

இரண்டுமே பாசத்தில் வரும் வார்த்தைகள். அவை பல நேரம் உண்மையாகவும் இருக்கும். எப்போது உண்மை, எப்போது இல்லை என்று பிரித்துப் பார்ப்பதுதான் நர்ஸின் வேலை.

செங்கீரையும் சப்பாணியும்

குழந்தை எந்த மாதத்தில் என்ன செய்யும் என்பது மேல்நாட்டுப் புத்தகம் வந்துதான் நமக்குத் தெரிந்தது என்றில்லை. பிள்ளைத்தமிழ் இலக்கியத்தின் பத்துப் பருவங்களும் ஒருவகையில் வளர்ச்சி அட்டவணைதான். கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஐந்தாம் மாதத்தையொட்டி. உட்கார்ந்து கை தட்டும் சப்பாணி, ஒன்பதாம் மாதத்தையொட்டி. ‘நடந்து வா’ என்று அழைக்கும் வருகை, முதல் பிறந்தநாளையொட்டி. இன்றைய குழந்தை நல மருத்துவர்கள் சொல்லும் கணக்கும் இதிலிருந்து வெகுதூரம் விலகவில்லை. குழந்தையைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் போட்ட கணக்கு அது.

ஆனால் பிள்ளைத்தமிழ் ஒரு மாதத்தைச் சொல்லும் இடத்தில், மருத்துவம் ஒரு இடைவெளியைச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோல், தெற்கு டெல்லி உட்பட ஆறு நாடுகளின் குழந்தைகளைப் பார்த்து உருவாக்கப்பட்டது. அந்த ஆய்வின்படி, நன்றாக வளரும் குழந்தைகள் தனியாக நடக்கத் தொடங்கும் காலம் சுமார் 8 மாதத்திலிருந்து 18 மாதம்வரை நீள்கிறது. சராசரி 12 மாதம். எதிர்வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்துவிட்டது, நம் வீட்டுக் குழந்தை பதினைந்தாகியும் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றால் இரண்டுமே சரிதான். 18 மாதம் தாண்டியும் நடக்கவில்லை என்றால் மட்டும் பேச்சு வேறு.

குறைமாதக் குழந்தைகளுக்குக் கணக்கே வேறு. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இப்போது எட்டு மாதம் என்றால், அது ஆறு மாதக் குழந்தை செய்வதைச் செய்தால் போதும். சுமார் இரண்டு வயதுவரை இப்படிக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, பிறந்த தேதிப்படியே போட வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனையோ அம்மாக்கள் தேவையில்லாமல் அழுதிருப்பார்கள்!

எடையிலும் அப்படித்தான். பிறந்த எடை ஐந்தாறு மாதத்தில் இரட்டிப்பாகும், ஒரு வயதில் மூன்று மடங்காகும் என்பது பொதுக்கணக்கு. ஆனால், ஒருநாள் எடை மட்டும் பெரிதாக எதையும் சொல்லிவிடாது. தாய் சேய் நல அட்டையில் மாதாமாதம் வைக்கும் புள்ளிகளை இணைத்தால் வரும் கோடு மேலே ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்பதே முக்கியம். ஒல்லியான குழந்தையின் கோடு ஏறிக்கொண்டிருந்தால் நிம்மதி. கொழுகொழு குழந்தையின் கோடு மூன்று மாதமாகப் படுத்திருந்தால் விசாரிக்க வேண்டும்.

‘ங்கா’ சொன்னானே!

பொறுத்துப் பார்ப்பதால் அதிகம் இழப்பது காது கேளாத குழந்தைகள்தான். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்களில் ‘ங்கா’ என்று சொல்லும், சிரிக்கும். அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. அதன் பிறகுதான் மழலை வளராமல் மெல்லக் குறையும். 16 மாதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, இரண்டு வயதில் ‘அம்மா வா’ என்று இரண்டு வார்த்தை சேரவில்லை என்றால், அப்பாவின் பழைய கதையைப் பேசிக்கொண்டிருக்காமல் காதைப் பரிசோதித்துவிட வேண்டும்.

மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் காலம் முதல் சில வருடங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருக்கிறது. ஆனால், ஐந்தரை வயதில் போய் நிற்பதும் ஒன்றரை வயதில் போய் நிற்பதும் ஒன்றல்ல. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் வரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்கள் இதற்காகவே இருக்கின்றன. பேச்சு, நடை, கற்றல் என எதில் தாமதம் தெரிந்தாலும் அங்கே போகலாம்.

வளரிளம் பருவத்தில் அளவுகோல் மீண்டும் மாறுகிறது. பெண் பிள்ளைகள் பையன்களைவிட சுமார் இரண்டு வருடம் முன்னதாக வளர்ந்துவிடுவார்கள். ஏழாம் வகுப்பில் தங்கை உயரமாகவும் அண்ணன் குட்டையாகவும் நின்றால் பதற வேண்டியதில்லை. ஆனால் ‘வயசுப் பொண்ணு, சோர்வாத்தான் இருப்பா’ என்பதை மட்டும் நம்பக் கூடாது. தேசிய குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்கில், தமிழ்நாட்டில் 15-19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை.

நாற்பதுக்குப் பிறகு பெயரே இல்லை

பெண்ணின் பருவங்களைத் தமிழ் ஏழாகப் பிரித்தது. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். அழகான பெயர்கள். ஆனால், பேரிளம்பெண்ணுக்குச் சொல்லப்படும் வயது நாற்பதோடு முடிந்துவிடுகிறது. இன்று தமிழ்நாட்டுப் பெண்கள் எழுபதைத் தாண்டி வாழ்கிறார்கள். மீதி முப்பது வருடத்துக்கு என்ன பெயர்?

இது தமிழின் குறை மட்டுமல்ல. நர்ஸிங் மாணவிகள் படிக்கும் எரிக் எரிக்சன் மனித வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாக 1950-ல் எழுதியபோது, முதுமைக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அவர் மறைந்த பிறகு 1997-ல் வந்த நூலில் ஒன்பதாவது கட்டத்தைச் சேர்த்தவர் அவர் மனைவி ஜோன். அப்போது ஜோன் தொண்ணூறைத் தாண்டியிருந்தார். அந்த வயதை வாழ்ந்து பார்த்தவர்தான் எழுத வேண்டியிருந்தது.

பெயர் இல்லாத அந்த வருடங்களில்தான் மாதவிடாய் நிற்கிறது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வருகின்றன. ‘நிக்கிற நேரம், முன்னபின்ன இருக்கும்’ என்று பெண்கள் தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது வயதின் இயல்பு அல்ல. அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறி.

பாட்டிக்கு நேற்று எப்படி இருந்தது?

2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவிகிதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். இந்தியாவில் கேரளாவுக்கு அடுத்த இடம். அதனால், இன்று படிக்கும் மாணவி நாளை அதிகம் பார்க்கப்போவது பாட்டிகளையும் தாத்தாக்களையும்தான்.

வாசிக்கக் கண்ணாடி தேவைப்படுவது, பெயர் உடனே ஞாபகம் வராமல் கொஞ்சம் கழித்து வருவது, தூக்கம் லேசாவது... இவையெல்லாம் முதுமையின் இயல்பு. தான் பிறந்து வளர்ந்த தெருவில் வழி தெரியாமல் நிற்பது இயல்பு அல்ல. சிறுநீர் கட்டுப்படாமல் போவதும், அடிக்கடி விழுவதும் இயல்பு அல்ல. இவற்றுக்குக் காரணம் உண்டு, பல நேரம் சிகிச்சையும் உண்டு.

நேற்றுவரை நன்றாகப் பேசிய பாட்டி இன்று காலை திடீரென உளறுகிறார் என்றால், அதை ‘மறதி நோய்’ என்று விட்டுவிடுவது பெரிய தவறு. மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். ஒரே நாளில் வரும் குழப்பத்துக்குப் பின்னால் சிறுநீர்த் தொற்று இருக்கலாம், நிமோனியா இருக்கலாம், உடலில் நீர் வற்றியிருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம். வயதானவர்களுக்குத் தாக உணர்வு குறைவு. கடலூர் மாவட்டத்தின் மே மாத வெயிலில் ‘தண்ணி வேணுமா?’ என்று கேட்டால் ‘வேணாம்’ என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் கையில் கொடுக்க வேண்டும். தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். மாரடைப்பு வந்தும் நெஞ்சு வலிக்காமல், வெறும் மூச்சிரைப்பாக வரலாம்.

ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரை, பிசியோதெரபி, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான பராமரிப்பு எல்லாம் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. ஆனால், வருகிற நர்ஸ் பாட்டியை முதல்முறையாகப் பார்க்கிறார். பாட்டி நேற்று எப்படி இருந்தார் என்பது வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். கடைசியாக எப்போது சாப்பிட்டார், எப்போது சிறுநீர் கழித்தார், எப்போதிலிருந்து ஆளை அடையாளம் தெரியவில்லை, புதிதாக என்ன மாத்திரை ஆரம்பித்தார்? இந்த நான்குக்கும் பதிலோடு, மாத்திரைப் பையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மருத்துவ ஆலோசனைக்கு 104, முதியோர் உதவிக்கு 14567. இரண்டுமே கட்டணமில்லாத எண்கள்.