வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை!

ஏலத்தை ஏலம் விடும் ஊர் போடிநாயக்கனூர்! காய்க்கும் அதே பெயர். விலை கூறி விற்பதற்கும் அதே பெயர். தமிழ் தந்த இந்த வேடிக்கையை மேடையிலே எடுத்துச் சொன்னால் கைதட்டல் உறுதி என்று எண்ணி, சென்ற திங்கள் அவ்வூர்ப் பொதுக்கூட்டத்தில் சொன்னேன். தட்டினார்கள். மகிழ்ந்தேன். நாடகக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

கூட்டம் கலைந்து, விளக்குகளை இறக்கிக்கொண்டிருந்த வேளை. போடிமெட்டுக்கு அப்பால் நான்கு ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் முதியவர் ஒருவர் அருகே வந்தார்.

"தம்பி, பேச்சு நல்லா இருந்தது. எனக்கு ஒரு சந்தேகம். அரபு நாட்டுக் கம்பெனி ஒண்ணு நம்ம ஊரிலே ஆபீஸ் போடப் போகுதுன்னு டீக்கடையிலே பேசிக்கிறாங்க. அவங்க வாங்கவும் மாட்டாங்களாம், விற்கவும் மாட்டாங்களாம். பலகையை மாட்டிக்கிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாங்களாம். வாங்காதவனுக்கும் விற்காதவனுக்கும் போடியிலே என்ன தம்பி வேலை?"

டீக்கடைச் செய்தி மெய்யாயினும் பொய்யாயினும், வினா மெய்யான வினா. கைதட்டல் வாங்கிய நாவுக்கு அங்கே விடை வரவில்லை. "பெரியவரே, படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று கூறி வந்தேன். கல்லூரியைப் பாதியில் துறந்தவன் நான். சட்டப் புத்தகம் எனக்குச் சொந்தமன்று; வழக்கறிஞர் நண்பரின் மேசையிலிருந்து இரவல் வாங்கியது. அந்த இரவல் படிப்பின் பயனையே இன்று இப்பத்தியில் இறக்கி வைக்கிறேன்.

பெரியவரின் ஐயம் அறியாமையால் எழுந்ததன்று, அனுபவத்தால் எழுந்தது. 1639-இல் சென்னைக் கடற்கரையில் மணல்திட்டுக்கு அனுமதி பெற்ற கம்பெனி என்ன சொன்னது? "வாணிகம் செய்யவே வந்தோம்" என்றது. வாணிகம் வரியாயிற்று, வரி வாளாயிற்று, வாள் வைசிராயாயிற்று! போடிக்கு அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. அம்மலையின் கண்ணன் தேவன் தோட்டங்களில் விளைந்த தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடி சென்று கப்பலேறியது. கொழுந்து கிள்ளிய கை தமிழ்க் கை. ஆணை பிறந்த இடமோ கிளாஸ்கோ. அத்தகைய ஊரிலே, "நாங்கள் வாணிகமே செய்யமாட்டோம்" என்று ஒரு வெளிநாட்டுக் கம்பெனி பலகை மாட்டினால், செய்வேன் என்றவனே இவ்வளவு செய்தானே, செய்யமாட்டேன் என்பவன் என்னென்ன செய்வானோ என்று கேட்பது நியாயந்தானே!

ஆனால் நியாயமான அச்சமும் சரியான அச்சமும் ஒன்றல்ல, தோழர்களே.

'தொடர்பு அலுவலகம்' என்பது சட்டத்தில் இதற்குப் பெயர். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்கீழ் ரிசர்வ் வங்கி 2016-இல் வெளியிட்ட விதிகள் இதற்கென்று ஒரு கூண்டையே கட்டின. வர விரும்பும் கம்பெனி தன் நாட்டில் முந்தைய மூன்று ஆண்டுகள் இலாபம் ஈட்டியிருக்க வேண்டும். நிகர மதிப்பு 50,000 அமெரிக்க டாலருக்குக் குறையக் கூடாது. விண்ணப்பம் இங்குள்ள, அதற்கென அதிகாரம் பெற்ற வங்கி வழியே செல்லும். அனுமதி மூன்றாண்டுக்கு, பின்னர் நீட்டிக்கக் கேட்கலாம். கம்பெனிச் சட்டப்படி, இடம் அமைத்த 30 நாளுக்குள் பதிவாளரிடம் ஆவணம் தர வேண்டும். போடியில் அமர்ந்தாலும் பத்திரம் போவது புதுடில்லிப் பதிவாளருக்கே! (குமுளிக்கு விண்ணப்பம் போடவும் டில்லிக்குக் கும்பிடு போடும் நாடு நம் நாடு, அது இன்றைய பேச்சன்று, விடுவோம்.)

செய்யத்தக்கவை நான்கே. தலைமைக் கம்பெனியின் சார்பாளராக இருக்கலாம். ஏற்றுமதி இறக்குமதி வளர வழி காட்டலாம். இரு நாட்டுக் கம்பெனிகளுக்கிடையே தொழில்நுட்பக் கூட்டோ நிதிக் கூட்டோ உருவாகத் துணை நிற்கலாம். செய்தி கொண்டு செல்லலாம், கொண்டு வரலாம். அவ்வளவே. ஒரு காசு வருவாய் ஈட்டக் கூடாது. தரகு வாங்கக் கூடாது. வாடகையும் சம்பளமும் காவலாளிக்குத் தரும் தேநீர்க் காசும்கூடத் தலைமையகத்திலிருந்து வங்கி வழியே வந்த பணமாயிருக்க வேண்டும். நிலம் வாங்கவும் உரிமையில்லை. குறுகிய காலக் குத்தகை மட்டுமே உண்டு. எனவே நான்கு ஏக்கர் வைத்திருக்கும் பெரியவர் இந்தப் பலகையைக் கண்டு பட்டாவை எடுத்து ஒளிக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஆடிட்டர், "இவர்கள் அனுமதித்ததை மட்டுமே செய்தார்கள்" என்று சான்றெழுதித் தர வேண்டும்.

நாடக மொழியில் சொல்வதானால், கூத்திலே வரும் கட்டியங்காரன் இவன். இராஜா வருகிறார் என்று அறிவிப்பான், இராஜாவாக மாட்டான். போர் நடக்கும் போது ஓரமாக நிற்பான். ஆனால் கதை முழுவதும் அறிந்தவன் அவன் ஒருவனே!

எழுதி வைத்த விதி, நடைமுறையில் நின்றதா? நின்ற கதை ஒன்றுண்டு. வளைகுடாவில் வியர்வை சிந்தும் நம் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பும் பணத்தோடு தொடர்புடைய கதை. யு.ஏ.இ. எக்ஸ்சேஞ்ச் என்ற அமீரகக் கம்பெனி 1996-இல் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்று, 1997-இல் கொச்சியிலும் பின்னர் சென்னை, டில்லி, மும்பை, ஜலந்தரிலும் தொடர்பு அலுவலகங்கள் அமைத்தது. பணம் அனுப்புவோரிடம் கட்டணமாக 15 திர்ஹாம் வாங்கியது, வாங்கியதோ அமீரகத்தில். இங்கிருந்த அலுவலகம் என்ன செய்தது? விவரத்தைக் கணினியில் இறக்கி, இங்குள்ள வங்கிகளின் பேரில் காசோலை அச்சிட்டு, கூரியரில் உரியவர் வீட்டுக்கு அனுப்பியது. "இதுவே வாணிகத்தின் உயிர், காசோலை வந்து சேராமல் கட்டணத்துக்கு என்ன பொருள்? வரி கட்டு!" என்றது வரித் தரப்பு. 2004-இல் முன்கூட்டித் தீர்ப்பளிக்கும் ஆணையம் ஆமாம் என்றது. 2009-இல் டில்லி உயர்நீதிமன்றம் இல்லை என்றது. 2020 ஏப்ரல் 24 அன்று உச்சநீதிமன்றம், இது ஆயத்தப் பணி, துணைப் பணி, தொழிலின் நடு நரம்பன்று, எனவே வரியில்லை என்று முடித்து வைத்தது. முதல் ஆணைக்கும் முடிவான தீர்ப்புக்கும் இடையே ஓடியவை பதினாறு ஆண்டுகள்!

நிற்காமல் வீழ்ந்த கதையும் உண்டு. 1990-களில் வெளிநாட்டு வழக்கறிஞர் நிறுவனங்கள் சில இதே வகை அனுமதி பெற்று இங்கே அலுவலகம் அமைத்தன. வழக்கு மன்றம் ஏறமாட்டோம், தொடர்பு மட்டுமே என்றன. மும்பை உயர்நீதிமன்றம் 2009 டிசம்பரில், வழக்காடாமல் தரும் சட்ட ஆலோசனையும் வழக்கறிஞர் தொழிலே. ரிசர்வ் வங்கி அனுமதி தந்தது முறையன்று எனத் தீர்த்தது. ஆலோசனையும் அத்தொழிலுக்குள் அடக்கம் என்பதை உச்சநீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. சொல்வதே சரக்காகிற தொழிலில், "சொல்ல மட்டும் வந்தேன்" என்பது சாக்கு என்று நீதிமன்றம் கண்டுகொண்டது.

இந்த இரண்டாம் கதைதான் என்னை இரவெல்லாம் உறங்கவிடாமல் போடியை நோக்கித் திருப்பியது.

ஏலக்காய் எந்த வகை? சரக்கா, சொல்லா? காய் சரக்குத்தான். காட்டு நிழலில், தூரடியில் தரையோடு படர்ந்த சரத்தின் பக்கத்தில் குந்தியிருந்து பெண்கள் பறிக்கிறார்கள். விடியுமுன் ஜீப்பில் மலையேறியவர்கள். ஸ்டோரில் சூடேற்றி உலர்த்தினால் ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாகச் சுருங்குகிறது. போடிக்கு வந்து சல்லடையில் விழுகிறது. 8 மில்லி மீட்டர் காய் ஒரு பக்கம், 7 மில்லி மீட்டர் மறு பக்கம். இதுவரை சரக்கு. பிறகு ஏல மையத்தில் மாதிரிப் பொட்டலமாகவும் கணினித் திரையில் எண்ணாகவும் மாறுகிறதே, அங்கே அது செய்தி! கௌதமாலாவில் மழை பெய்ததா, ஜித்தாவில் கிடங்கு நிறைந்ததா, நோன்புக்கு எவ்வளவு கேட்பார்கள் — இவை அறிந்தவன் பொத்தானை அழுத்துகிறான். அறியாதவன் கைகட்டித் திரையைப் பார்க்கிறான். அறியாதவன் யார்? விளைவித்தவன்!

2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ உச்ச விலையாக 7,000 ரூபாயைத் தொட்டது. அதை நம்பி நிலம் திருத்தியவர்கள், கன்று நட்டவர்கள், கடன் வாங்கியவர்கள் எத்தனை பேர்! 2022-இல் சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே கிடந்தது. நம் நாட்டில் விளையும் ஏலக்காயில் பெரும்பகுதியை நாமே உண்கிறோம் என்பது உண்மை. எல்லாப் பழியையும் அரபு நாட்டுக் காப்பிக் கிண்ணத்தின் மீது போடுவது மேடைக்கு இனிக்கும், கணக்குக்கு உதவாது. ஆயினும் பசுமை மாறாத பெருங்காய்க்கு வளைகுடா விலையே நாடித் துடிப்பு. அங்கே நமக்குப் போட்டி கௌதமாலா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏலத்தை அங்கே கொண்டு போய் நட்டவர் ஒரு ஜெர்மானியர். அந்நாட்டார் அதை உண்பதில்லை என்றே சொல்லலாம், விளைவதெல்லாம் விற்பனைக்கு.

2018-இல் பூச்சிமருந்தின் எச்சத்தைக் காட்டிச் சவூதி அரேபியா நம் ஏலக்காயை மறுத்த செய்தியை நினைத்துப் பாருங்கள். எச்சம் இருந்தால் மறுப்பது அவர்கள் உரிமை. உண்பவன் உயிர் பெரிது. என் கேள்வி வேறு. எந்த மருந்து, எவ்வளவு அளவு என்னும் விதி அங்கே உருவாகும் போதே அதைப் படித்து, "இந்த மருந்தை இனி அடிக்காதீர்" என்று உடும்பன்சோலைக்கும் வண்டன்மேட்டுக்கும் போடிக்கும் எழுதியனுப்ப, விளைவிப்போர் சார்பில் அங்கே ஓர் ஆள் அமர்ந்திருந்தானா? மருந்து அடித்த பின் வரும் செய்தி செய்தியன்று, தண்டனை!

அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்றார் ஔவை. அங்கிருந்து ஒரு வேலையும் எடுத்து வரவில்லை. படைக்கலக் கொட்டிலைக் கண்டார். கண்டதைத் தன் நாவால் படையினும் வலிய கருவியாக்கினார். வள்ளுவர் தூதுக்கென்று ஓர் அதிகாரமே, 69-ஆவது அதிகாரம், ஒதுக்கினார். வாங்காமலும் விற்காமலும் ஆற்றும் வேலையின் வலிமை தமிழனுக்குப் புதிதா?

ஆகவே பெரியவரே, உங்கள் வினாவுக்கு விடை இது. அந்தக் கம்பெனி வருமானால், ஏலத்தில் கை நீட்ட அதற்கு உரிமையில்லை. ஏலம் கேட்போர் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் உரிமம் பெற்ற வணிகராயிருத்தல் வேண்டும். அது வாங்கப் போவது காயை அன்று. உங்கள் தோட்டம் இவ்வாண்டு எவ்வளவு காய்க்கும், உங்களுக்குக் கடன் எவ்வளவு, எந்த மாதத்தில் நீங்கள் விற்றே தீர வேண்டும் என்ற கதையை. அதற்கு அது காசு தரப் போவதில்லை. அச்சப்படுவதானால் இதற்கு அச்சப்படுங்கள். விரட்ட வேண்டாம்; வந்தவனிடம் நாமும் கேட்போம்: ஜித்தாவில் நேற்று என்ன விலை, எச்ச அளவில் என்ன மாற்றம் என்று. செய்தி கொண்டு வருவதும் அவனுக்கு அனுமதித்த பணிகளில் ஒன்றே.

அதனினும் பெரிது ஒன்று. அதே செலாவணிச் சட்டம் நமக்கும் வாயில் வைத்திருக்கிறது. இந்நாட்டுக் கம்பெனி வெளிநாட்டில் அலுவலகம் அமைக்கலாம். தொடக்கச் செலவுக்கு முந்தைய இரண்டாண்டுச் சராசரி விற்பனையில் 15 விழுக்காடு அல்லது நிகர மதிப்பில் 25 விழுக்காடு, எது மிகுதியோ அதுவரை அனுப்பலாம். பிறகு ஆகும் தொடர் செலவுக்குச் சராசரி விற்பனையில் 10 விழுக்காடு வரை அனுப்பலாம். 2015-ஆம் ஆண்டு விதி இது. செல்லும் நாட்டின் உரிமமும் பெற வேண்டும், அது தனிப் படலம். நான்கு ஏக்கர்க்காரர் தனியே இயலுமா? இயலாது. மலை கேரளத்தில், மண்டி தமிழகத்தில். விளைவிப்போர் இரு பக்கமும் உள்ளனர். அவர்கள் கூடி உற்பத்தியாளர் கம்பெனி ஒன்றாகப் பதிந்துகொண்டால் இயலும். ஓர் அறை, அரபி அறிந்த ஓர் இளைஞன், ஆய்வுக்கூட அறிக்கை படிக்கத் தெரிந்த ஒரு பெண். விற்பனை வேண்டாம். வாங்கவும் வேண்டாம். பார்த்து எழுதட்டும்.

இரு மாநில அரசுகளும் முதல் மூன்றாண்டு வாடகையைப் பகிர்ந்து ஏற்கட்டும் என்று கேட்போம். அடுத்த திங்கள் மீண்டும் போடிக்கு வருகிறேன். இம்முறை சொல் வேடிக்கை கிடையாது. தீர்மானத்தின் வாசகம் எழுதி முடித்துவிட்டேன். முன்மொழிய மேடையேற வேண்டியவர் அந்த நான்கு ஏக்கர்ப் பெரியவர். அவர் பெயரைக் கேட்டு வைக்க அன்று மறந்துவிட்டேன். அறிந்த தோழர்கள் அவரிடம் இந்த இதழைச் சேர்ப்பிக்க வேண்டுகிறேன்.