வெளிமாநிலச் சொத்து, உயில், புரொபேட்: சங்கத்தின் நிலைப்பாடு

சில உயில்களுக்குப் புரொபேட்டை (உயிலுக்கு நீதிமன்றம் தரும் சான்றை) கட்டாயமாக்கிய, இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆவது பிரிவை நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் நீக்கியது உறுப்பினர்கள் அறிந்ததே. அதன் பிறகும் "புரொபேட் எங்கே?" என்று கேட்டு மனுக்களை அரசு அலுவலகங்கள் திருப்பி அனுப்புவதாகப் பெங்களூரு அல்சூர் உறுப்பினர்களிடமிருந்து புகார்கள் வந்தபடி உள்ளன. ஆகவே நிர்வாகக் குழு இந்த அறிக்கையை வெளியிடுகிறது.

பிரிவு நீக்கப்பட்டதைச் சங்கம் பொதுவாக வரவேற்கிறது. நீதிமன்ற முத்திரை இல்லாத உயிலுக்குப் பின்னாளில் வில்லங்கம் வரலாம் என்பது குழுவிலுள்ள வழக்கறிஞர்கள் சிலரின் கருத்து. அதையும் பதிவு செய்கிறோம்.

213 இருந்த காலத்தில் பட்ட பாடு ஊரறிந்தது. ஒரே உயில், ஒரே கையெழுத்து, அதே இரண்டு சாட்சிகள். அல்சூர் வீட்டுக்குக் காத்தா (நகராட்சிச் சொத்துப் பதிவு) மாற்றினால் போதுமாக இருந்தது. சென்னைப் புரசைவாக்கம் வீட்டுக்கு அங்குள்ள உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. வேலூரில் நிலம் இருந்தால் சட்டப்படி புரொபேட் கட்டாயமாகவே இருக்கவில்லை. முஸ்லிம்களுக்கு இந்த விதி பொருந்தவில்லை. கிறிஸ்தவர்களுக்கு 2002-இல் விலக்குக் கிடைத்தது. 1870-இல் வெள்ளைக்காரன் கிழித்த கோட்டுக்கு இந்துக் குடும்பங்கள் 2025 வரை கப்பம் கட்டின.

ஆனால் எங்கள் முதன்மையான குறை 213 பற்றியது அல்ல; ஒரு புரொபேட் எதுவரை செல்லும் என்பதை வகுக்கும், எவரும் தொடாமல் விட்ட 273-ஆவது பிரிவு பற்றியது. கட்டாயம் போனாலும் தேவை போகவில்லை. பங்காளித் தகராறு உள்ள வீடு, அடுக்ககச் சங்கத்தின் பிடிவாதம், கடன் கொடுக்கும் வங்கியின் சட்ட ஆலோசகர் என்று பலருக்கு இன்னமும் புரொபேட் வாங்க வேண்டியிருக்கிறது. எடுத்துக்காட்டாக, இறந்தவர் ஆயுள் முழுக்க அல்சூரில் வாழ்ந்தவர். சாட்சிகள் அடுத்த தெருவில் இருக்கிறார்கள். பெங்களூரு நகர சிவில் நீதிமன்றம் உயிலை ஆராய்ந்து புரொபேட் வழங்குகிறது. அது கர்நாடகம் முழுவதும் செல்லும். ஒசூர் எல்லையைத் தாண்டினால்? வெளிமாநிலச் சொத்தின் மதிப்பு ரூ.10,000-க்கு மேல் போகாது என்று நீதிபதி சான்றளித்தால் மட்டுமே செல்லும். பத்தாயிரம் ரூபாய்! புரசைவாக்கத்தில் ஒரு சதுர அடிக்கே அது போதாமல் போகலாம். இந்தத் தொகையை வைத்துக்கொண்டு இதை விதிவிலக்கு என்று சொல்வது கேலி.

ஆக, உயர் நீதிமன்றம் தரும் புரொபேட்தான் நாடெங்கும் செல்லும். எனவே நடைமுறையில் பலர் சென்னைக்கே போக வேண்டியிருக்கிறது. எண்பது வயதுச் சாட்சியைப் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் அழைத்துப்போனவர்கள் நம்மில் உண்டு. ஓ.பி.யாக (அசல் மனுவாக) போட்ட மனு, தாயாதி ஒருவர் கேவியட் (ஆட்சேப மனு) போட்டதும் டி.ஓ.எஸ். (உயில் வழக்கு) ஆகிவிடும்; அதன் பின் அது முழு வழக்கு, வாய்தா மேல் வாய்தா. பெங்களூரு நீதிபதி பார்த்துச் சரி என்ற உயில், சென்னைச் சொத்துக்கு மட்டும் எப்படிச் சந்தேகத்துக்குரியதாகிறது? நமக்குத் தெரிந்த வரையில் இதற்கு எவரும் பதில் சொல்லவில்லை.

எங்கள் கோரிக்கைகள் இவை. இறந்தவரின் இருப்பிட மாவட்ட நீதிமன்றம் வழங்கும் புரொபேட், சொத்து மதிப்பு எவ்வளவானாலும், எல்லா மாநிலங்களிலும் செல்ல வேண்டும். ரூ.10,000 வரம்பை நீக்க வேண்டும். இயலாதெனில் இன்றைய நிலவரத்துக்கு ஏற்ப உயர்த்துவதையாவது மத்திய சட்ட அமைச்சகம் பரிசீலிக்கலாம். கன்னடத்தில் உள்ள வம்சவிருட்சச் சான்றை, நோட்டரி கையெழுத்துடன் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்த பிறகும் "எங்க ஊர் வாரிசுச் சான்று கொண்டாங்க" என்று திருப்புவதை தமிழ்நாடு வருவாய்த் துறை நிறுத்த வேண்டும். இறந்தவர் வாழாத ஊரில் எந்தத் தாசில்தார் அவருக்கு வாரிசுச் சான்று தருவார்?

213 நீங்கியதால் உயிலை நிரூபிக்கும் பொறுப்பு நீங்கிவிடவில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்திடுவது இன்றும் கட்டாயம். பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும் செய்துகொள்வது நல்லது.

2025 டிசம்பருக்கு முன் இறந்தவர்களின் உயில்களுக்கு இந்த நீக்கம் பொருந்துமா என்பது குறித்துக் குழுவில் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. நிலுவையில் உள்ள மனுக்களைத் தங்கள் வழக்கறிஞரைக் கேட்காமல் எவரும் திரும்பப் பெற வேண்டாம். புரொபேட் இல்லை என்று மனுவைத் திருப்பினால், அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாக "முடியாது" என்றால் அந்தத் தேதியையும் அலுவலகத்தையும் குறித்துச் சங்கத்தில் கொடுங்கள். கர்நாடக, தமிழ்நாட்டுப் பதிவுத் துறைத் தலைவர்களுக்கும் அனுப்பவுள்ள மனுவில் அவற்றை இணைப்போம்.