ரேகை விழவில்லை, ஸ்கேனர் எடுக்கவில்லை: காரைக்கால் மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்
பொதுச் சேவை மையம், ஜெராக்ஸ், கணினி நிலையம் நடத்துவோர் சங்கம்,
காரைக்கால்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
காரைக்கால்.

பொருள்: கைரேகைக் கருவி, ஸ்கேனர் ஆகியவற்றின் டிரைவர் கோளாறாலும் தொடரும் கணினிப் பிழைகளாலும் பொதுமக்களின் விண்ணப்பங்கள் தேங்குவது, கால அவகாசம், மாற்று வழி, உள்ளூர்த் தொழில்நுட்ப உதவி வேண்டுவது தொடர்பாக.



காரைக்கால் நகரம், கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய பகுதிகளில் கடை வைத்துப் பிழைக்கும் நாங்கள் இம்மனுவைத் தங்கள் முன் வைக்கிறோம். ஓய்வூதியரின் ஆயுள் சான்று, சாதி, வருமான, இருப்பிடச் சான்றுகளுக்கான விண்ணப்பம், சென்டாக் கல்லூரிச் சேர்க்கை, பயிர்க் காப்பீடு என்று அரசுக்கும் மக்களுக்கும் இடையே போகும் காகிதங்களில் பெரும்பகுதி எங்கள் மேசையைத் தாண்டித்தான் போகிறது. மேசையில் இருக்கும் கருவி மக்கர் செய்தால், தேதி தவறிப்போவதும் பணம் நின்றுபோவதும் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத்தான். கருவியின் பிழையை மனிதரின் கணக்கில் எழுதாதீர்கள் என்பதே இம்மனுவின் அடிப்படை.

எங்கள் உறுப்பினர் ஒருவரின் மையத்தில் நடந்ததைச் சொல்கிறோம். நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர், நவம்பர் மழையில் நனைந்தபடி ஆயுள் சான்று கொடுக்க வந்தார். இபிஎஸ்-95 திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியமான மாதம் 1,000 ரூபாய்தான் அவருக்கு வருகிறது. விரல்களை ஈரம் போகத் துடைத்து, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தும் ஏற்கவில்லை. “நூல் பிடிச்சுப் பிடிச்சு ரேகை தேஞ்சு போச்சா தம்பி? இனிமே காசு வராதா?” என்று கேட்டுக் கண் கலங்கினார். அவர் ரேகையில் குறையே இல்லை. கணினியின் மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பின்தங்கியிருந்தது. பழைய நேரத்தோடு போகும் கோரிக்கையை ஆதார் சர்வர் காலாவதியானதாகக் கருதித் திருப்பிவிடும். அதற்கான பிழை எண் 561. பேட்டரியை மாற்றி நேரத்தைச் சரிசெய்ததும் முதல் முறையிலேயே ரேகை விழுந்தது. அந்த பேட்டரியின் விலை ஐம்பது ரூபாய்க்குள்தான்.

இப்படிப்பட்ட பிழை எண்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பொருள் உண்டு என்பதை ஆட்சியர் அவர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். 300 என்றால் ரேகை பொருந்தவில்லை. 330 என்றால் ஆதார் வைத்திருப்பவரின் ரேகைப் பதிவு பூட்டப்பட்டிருக்கிறது. அதை அவரே திறந்துகொள்ளலாம். 561, 562 இரண்டும் கடிகாரம் பின்தங்குவதாலும் முந்தி ஓடுவதாலும் வருபவை. 720 என்றால் கருவி தயாராக இல்லை. 740 என்றால் கருவியை மறுபடி துவக்க வேண்டும். இவற்றில் விரலைப் பற்றிப் பேசுவது 300 ஒன்றுதான். ஆனால் வரிசையில் நிற்பவருக்குக் கிடைப்பது எப்போதும் ஒரே பதில்: “ரேகை விழல, நாளைக்கு வாங்க.” வயல் வேலையை விட்டு, படகை விட்டு வந்தவருக்கு அந்த ஒரு நாள் ஒரு நாள் கூலி.

கைரேகைக் கருவிக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆர்டி சர்வீஸ் என்னும் மென்பொருள் கணினிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தால்தான் இணையதளம் கருவியைக் கண்டுகொள்ளும். 11100 முதல் 11120 வரையிலான போர்ட் எண்களில் அது காத்திருக்கும். ஆன்டிவைரஸோ பிரவுசரின் புதிய பாதுகாப்பு அமைப்போ அந்த வழியை அடைத்துவிட்டால், விளக்கு எரியும் கருவிகூட இல்லாத கருவிதான். எல்0 வகைக் கைரேகைக் கருவிகளுக்குப் பதில், பாதுகாப்பு கூடிய எல்1 வகைக்கு மாறும்படி ஆதார் ஆணையம் சொன்னதால் கடன் வாங்கிப் புதுக் கருவி வாங்கியவர்கள் எங்களில் உண்டு. பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம் என்பதால் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மாற்றத்தின் செலவும் பொறுப்பும் முழுக்க எங்கள் தலையில் விழுந்தன.

ஸ்கேனரில் தொல்லை டிரைவரால் வருகிறது. இரவில் விண்டோஸ் தானாக அப்டேட் ஆகும். காலையில் கடை திறந்தால் ஸ்கேனர் இருப்பதே கணினிக்குத் தெரியாது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் நிற்கும். கோட் 28 என்றால் டிரைவர் ஏறவில்லை, கோட் 10 என்றால் கருவி துவங்கவில்லை, கோட் 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை. டிரைவரை நீக்கி, கணினியை ரீஸ்டார்ட் செய்து, ஹப் இல்லாமல் கேபிளை நேரடியாகச் செருகி, மின்சேமிப்புக்காக யுஎஸ்பியை உறங்கவைக்கும் அமைப்பை நிறுத்தி, பழைய டிரைவரை மறுபடி ஏற்றுவதெல்லாம் எங்களுக்கு அன்றாட வேலை. 32-பிட் காலத்து ஸ்கேனருக்கு 64-பிட் டிரைவரை நிறுவனமே வெளியிடவில்லை என்றால் அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. 2024 நவம்பரில், விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் சில யுஎஸ்பி ஸ்கேனர்கள் கண்டறியப்படாமல் போகலாம் என்று மைக்ரோசாப்ட் நிறுவனமே அறிவித்து, அப்படிப்பட்ட கணினிகளுக்கு அந்தப் பதிப்பைச் சிறிது காலம் நிறுத்திவைத்தது. தயாரித்தவர்களே ஒப்புக்கொண்ட கோளாறுக்குக் கோட்டுச்சேரியில் கடை வைத்திருப்பவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எங்களில் பலர் வைத்திருப்பவை சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கணினிகள். அவற்றில் டிபிஎம் 2.0 சிப் இல்லாததால் முறைப்படி விண்டோஸ் 11 ஏறாது. புதுக் கணினி வாங்கினால் பழைய ஸ்கேனர் ஓடாது. பழைய கணினியை வைத்துக்கொண்டால் பாதுகாப்பில்லை. இரண்டையும் ஒருசேர மாற்ற எங்கள் வருமானம் இடம் தரவில்லை.

காரைக்காலின் நிலை தனி. கடற்புறம் தவிரச் சுற்றிலும் தமிழ்நாடு, புதுச்சேரியோ சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில். நாகூரில் இருக்கும் மையத்துக்குத் தமிழ்நாடு அரசு தரும் தொழில்நுட்ப உதவி, எல்லைக்கு இந்தப் பக்கம் வாஞ்சூரில் இருப்பவருக்குக் கிடைக்காது. கடற்காற்றின் உப்பில் யுஎஸ்பி முனைகள் பச்சை பூத்துவிடுகின்றன. ஆயுள் சான்றுக்குக் கூட்டம் சேரும் நவம்பர்தான் வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் மாதமும். மின்சாரம் போய்ப் போய் வரும்போது கருவி பாதியில் நின்று, கோட் 43 காட்டி முடங்குகிறது.

இந்த மண்ணுக்கே உரிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. அக்காலத்துப் பிறப்பு, திருமணப் பதிவு நகல்களையும் நொத்தேர் (பிரெஞ்சு முறை நோட்டரி) எழுதிய பத்திரங்களையும் துணியில் சுற்றி எடுத்து வருகிறார்கள். பிரான்சிலிருந்து ஓய்வூதியம் பெறும் குடும்பங்களுக்கு அவை உயிர்க்காகிதங்கள். அந்தத் தாள் ஏ4 அளவுக்குள் அடங்காது. மடிப்பு விழுந்த இடத்தில் தொட்டாலே பிரியும். தாளை உள்ளிழுத்து ஓடும் ஸ்கேனரில் அதைக் கொடுக்க எங்களுக்குக் கை வராது. கண்ணாடிமேல் விரித்து வைத்து எடுக்கும் பிளாட்பெட் ஸ்கேனர்தான் வேண்டும். அப்படி எடுத்தாலும் அளவு இடிக்கிறது. ஒரு ஏ4 பக்கத்தை 300 டிபிஐ-யில் வண்ணத்தில் எடுத்தால் சுருக்குவதற்கு முன் சுமார் 26 எம்பி. அதைச் சில நூறு கேபிக்குள் நசுக்கி ஏற்றினால் மங்கிய மை எழுத்து மறைந்துவிடும். பிறகு “ஆவணம் தெளிவில்லை” என்று விண்ணப்பம் திரும்பி வரும்.

கணினி பழுதானாலும் மனிதரைத் திருப்பி அனுப்பாமல் வேலையை நடத்தலாம் என்பதற்கு எடுத்துக்காட்டும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரே ஒரு தவறான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்துப் பயணிகளை ஏற்றினார்கள். “உங்கள் டிக்கெட் செல்லாது” என்று யாரும் சொல்லவில்லை. விமானப் பயணிக்குக் கிடைத்த அந்த நியாயம் 1,000 ரூபாய் ஓய்வூதியருக்கும் வேண்டும்.

ஆகவே நாங்கள் வேண்டுவன:

முதலாவதாக, கருவியோ இணையதளமோ வேலை செய்யாத நாளில் பிழை எண், தேதி, நேரம் குறித்த பழுதுச் சீட்டு ஒன்றை மையம் வழங்க அனுமதியுங்கள். சீட்டின் மாதிரியை ஆட்சியர் அலுவலகமே வகுத்துத் தரட்டும். கடைசித் தேதிக்குள் சீட்டு பெற்றவரின் விண்ணப்பத்தை உரிய காலத்தில் வந்ததாகவே அனைத்து அலுவலகங்களும் ஏற்க வேண்டும். மற்ற கோரிக்கைகள் தாமதமானாலும் இந்த ஒன்றை உடனே நிறைவேற்ற முடியும். இதற்கு அரசுக்குப் பணச் செலவு இல்லை.

இரண்டாவதாக, ரேகை தவறினால் மாற்று வழி உண்டு என்பதை ஒவ்வொரு கவுன்ட்டரிலும் தமிழில் எழுதி வையுங்கள். ஆயுள் சான்றைக் காகிதத்திலும் கொடுக்கலாம். முகம் காட்டிச் சரிபார்க்கும் வசதி 2021 நவம்பரிலேயே வந்துவிட்டது. ரேகை பொருந்தாத ஒருவரை விலக்கிவிடக் கூடாது என்று ஆதார் ஆணையம் 2017 அக்டோபர் 24 அன்றே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. 2018 செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் இக்கவலையைக் கருத்தில் கொண்டது. இவை மக்களுக்குத் தெரியவில்லை. தெரிந்து கேட்பவரையும் சில இடங்களில் திருப்பி அனுப்புகிறார்கள்.

மூன்றாவதாக, எந்தக் கருவிக்கு எந்த டிரைவர், எந்த ஆர்டி சர்வீஸ் பதிப்பு ஒத்துவருகிறது என்று தேசிய தகவலியல் மையத்தின் மாவட்ட அலுவலகம் சோதித்துப் பட்டியலிட்டு, கோப்புகளையும் ஒரே இடத்தில் தர வேண்டும். கண்ட கண்ட தளங்களிலிருந்து டிரைவர் இறக்கி வைரஸ் வாங்கிக்கொள்வது அதனால் நிற்கும். இணையதளத்தில் மாற்றம் செய்யுமுன் எங்களுக்கு ஒரு வாரம் முன்பாகவாவது தகவல் வேண்டும்.

நான்காவதாக, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் சென்டாக் விண்ணப்பக் காலத்திலும் காரைக்காலிலேயே ஒரு தொழில்நுட்பர் இருக்க வேண்டும்.

ஐந்தாவதாக, ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஏ3 அளவு பிளாட்பெட் ஸ்கேனர் ஒன்றைப் பொதுமக்களுக்காக வையுங்கள். பிரெஞ்சுக் கால ஆவணங்களுக்குக் கோப்பின் அளவு வரம்பைத் தளர்த்த புதுச்சேரி அரசுக்குப் பரிந்துரை செய்யுங்கள்.

எங்கள் தரப்பில், தோல்வியடைந்த முயற்சிக்குக் கட்டணம் வாங்க மாட்டோம். பிழை எண்களைப் பதிவேட்டில் எழுதி மாதந்தோறும் தங்கள் அலுவலகத்தில் ஒப்படைப்போம். எந்தக் கருவி, எந்த அப்டேட், எந்த நாள் என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

ஆயுள் சான்றுக் காலம் தொடங்குமுன், செப்டம்பர் மாதத்துக்குள் வங்கி, கருவூலம், வருவாய்த் துறை அலுவலர்களோடு எங்களையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்தி, பழுதுச் சீட்டுக்கான ஆணையைப் பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

நகல்:
இயக்குநர், தகவல் தொழில்நுட்ப இயக்ககம், புதுச்சேரி
மாவட்ட அலுவலர், தேசிய தகவலியல் மையம், காரைக்கால்