யாருடைய உடம்பை வைத்துப் படித்தது இந்த எந்திரம்?

வங்கியில் காசோலை பார்க்கிறவன் நான். வந்த கையெழுத்தை, திரையில் இருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப் பார்க்கணும். மாதிரியே இல்லாத ஆளுக்கு என்னத்தத் தீர்ப்புச் சொல்ல? புற்றுநோயைக் கண்டுபிடிக்க வந்திருக்கும் எந்திரங்களைப் பற்றிப் படித்தபோது இந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது.

நியூரல் நெட்வொர்க் என்கிறார்கள். நோய்க்கு இலக்கணம் எதுவும் அதற்குச் சொல்லித் தருவதில்லை. படங்களைக் காட்டி, இது புற்று, இது இல்லை என்று குறித்துக் கொடுக்கிறார்கள். அடையாளத்தை அதுவே பிடித்துக்கொள்கிறது. எந்த அடையாளத்தை?

2017இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1,29,450 படங்களில் பழக்கிய எந்திரம், தோல்புற்றை அறிவதில் 21 தோல் மருத்துவர்களுக்கு ஈடாக நின்றது. மறு வருஷம் அந்தக் குழுவினரே எழுதினார்கள்: படத்தில் அளவுகோல் இருந்தால் புற்று என்று சொல்லும் சாய்வு அதற்கு இருக்கிறது. சந்தேகப்பட்ட மருவைத்தானே டாக்டர் ஸ்கேல் வைத்து அளக்கிறார்! எந்திரம் நோயைப் படிக்கவில்லை, டாக்டரின் சந்தேகத்தைக் காப்பியடித்திருக்கிறது.

2022இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு ஆய்வு. திசுப் பரிசோதனையில் உறுதியான 656 படங்கள், வெளுத்த தோலும் கறுத்த தோலுமாக. பெயர்பெற்ற எந்திரங்கள் கறுத்த தோலில் தடுமாறின. படம் பார்த்து விடை சொன்ன மருத்துவர்களும் தடுமாறினார்கள். பாடம் சொன்னவருக்கே தெரியாததை எந்திரம் எங்கே கற்கும்?

பாப் மார்லி 1981இல் 36 வயதில் செத்துப்போனது கால்விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால். கறுப்பு மக்களுக்கு அந்தப் புற்று பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று ஒளிந்துதான் வருகிறது. அங்கே பார்க்கப் பழகாத எந்திரம் 'ஒன்றுமில்லை' என்று சொன்னால் போவது உயிர்.

எந்திரத்தை உடை என்று நான் சொல்ல வரவில்லை. விடுபட்டவர்களின் படங்களைக் காட்டி மறுபடி பழக்கியதும் அந்த இடைவெளி மூடியது என்றும் அதே 2022 ஆய்வு சொல்கிறது. ஆக, இது விதியல்ல. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று மனிதர்கள் எடுத்த முடிவு. இந்த மாதிரி முடிவுகளை நாம் வேறு பதிவேடுகளிலும் பார்த்தவர்கள்தானே!

தொண்ணூறு சதம் சரி என்று விளம்பரம் வரும். எண்களோடு பிழைக்கிறவன் சொல்கிறேன்: சராசரி, சிலரை மறைக்கத் தெரிந்த கணக்கு. மருத்துவமும் கணினியும் படிக்கிற தோழர்களே, சும்மா கைதட்டாதீர்கள். யாருடைய படங்கள், எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கருவி என்று கேளுங்கள். மீதிப் பத்து சதத் தவறு யார் தலையில் விழுந்தது என்று, தனித்தனியாகக் கணக்குக் கேளுங்கள்.